மாமன் மடிக்கு இரண்டு பேர்

செண்பகப்பேரியில் அந்த வருடத்துச் சாரல் இறங்கிய முதல் திங்கட்கிழமை காலையில், ஊரார் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அதுவரை ஓசையில்லாமல் குடியிருந்த மற்ற ஊரார் எல்லோரும் வெளியே இறங்கி வந்தார்கள். இடி இடிக்கவில்லை, பூமி அதிரவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை; பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் அவரவர் மேலதிகாரியும், இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் அவரவர் மாமியாரும், புத்தகப் பையை மாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியாரும் வந்து நின்றார்கள்; நின்ற மாத்திரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் பேயும் அல்ல, கனவும் அல்ல. மளிகைக்கடைக்காரர் தம் கடையிலேயேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரிடம் சாமான் வாங்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மளிகைக்கடைக்காரர் நின்றார்: ஒரு வீட்டில் தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறவராக, அடுத்த வீட்டில் கேட்காமலேயே ஒரு கைப்பிடி பொரிகடலை சேர்த்துப் போடுகிற தர்மவானாக, மூன்றாவது வீட்டில், அவரை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காமல் பாக்கெட்டை மட்டும் வாங்கிவரும் கல்லூரிப் பெண்ணின் வீட்டில், முகமே இல்லாத ஒரு கையாகவும் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலமாகவும். மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்த அசல் மளிகைக்கடைக்காரர், அன்று முழுவதும் யாருக்கும் எடை போடாமல், தம் கட்டைவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கும் பெயர் வைக்கும் வேகத்தில் செண்பகப்பேரியை எந்த ஊரும் மிஞ்ச முடியாது. முற்பகலுக்குள் வந்தவர்களுக்கு ‘உள்ளாள்’ என்று பெயர் விழுந்துவிட்டது. நண்பகலுக்குள் உள்ளாட்களைப் பற்றிய சட்டதிட்டங்களும் தெரிந்துவிட்டன. உள்ளாள், தம்மைத் தலைக்குள் வைத்திருந்த உடையவரின் கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் போகமாட்டார். உடையவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை மட்டுமே பேசுவார். தொட்டால் கையில் படுவார். எவ்வளவு உறுதியாக நம்பப்பட்டாரோ அவ்வளவு கனமாக இருப்பார். பயந்தவருக்கு உயரமாகவும், அலட்சியம் செய்தவருக்குக் கத்திரிக்காய் அளவிலும் இருப்பார். சாப்பிடமாட்டார், ஆனால் இலை போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

தென்காசிப் பேருந்தில்தான் முதல் வழக்கு எழுந்தது.

“ஏம்மா, ஒன் மாமியாருக்கு யாரு டிக்கெட் எடுப்பா?” என்றார் நடத்துநர்.

“அவுக என் மாமியா இல்ல அண்ணாச்சி. என் மண்டைக்குள்ள இருக்க மாமியா.”

“மண்டைக்குள்ள இருந்தா நான் ஏன் கேக்கேன்? சன்னலோர சீட்டுல்லா இருக்காக!”

வழக்கு ஆஸ்பத்திரிவரை போயிற்று. ஏனென்றால் ஊரில் எந்த வழக்கும் கடைசியில் டாக்டர் மெஹருன்னிசாவிடம்தான் போய்ச் சேரும். நரம்பியல் படித்துவிட்டு வெளியூர்ச் சம்பளங்களை வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்த அந்தப் பெண்மணி, வெளியே காத்திருந்த கூட்டத்தையும் அந்தக் கூட்டத்தைப்போல் பத்து மடங்காக நின்ற உள்ளாட்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் சொன்னார்:

“மூளை மண்டை ஓட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. இன்னொருத்தர் மனசை எட்டிப் பாக்க அதுக்கு வழி கிடையாது. ஒரு பார்வை, ஒரு முகச்சுளிப்பு, கொஞ்சம் குரல், இதை வச்சு உள்ளேயே ஒரு ஆளைச் செஞ்சு வச்சுக்கிட்டு, அவர் அடுத்து என்ன சொல்லுவார், என்ன செய்வார்னு அந்த ஆள்கிட்டயே கேட்டுக்கும். பொறந்ததுல இருந்து எல்லாரும் இதைத்தான் செய்யறோம். இப்ப வெளிய வந்துட்டாங்க, அவ்வளவுதான். யாருக்காவது காய்ச்சல் இருக்கா? இல்லேல்ல? வீட்டுக்குப் போங்க.”

அவருக்குப் பின்னால் நின்ற, என்றோ அவருக்குப் பாடம் நடத்திய வழுக்கைத் தலைப் பேராசிரியர், “இதற்கு ஆதாரம் எங்கே, மெஹருன்னிசா?” என்றார். “வெளிய நிக்காங்களே சார், எண்ணிப் பாத்துக்கோங்க,” என்றார் டாக்டர். வாழ்நாளில் பேராசிரியருக்கு டாக்டர் கொடுத்த முதல் மறுமொழி அது. பேராசிரியர் அந்த இடத்திலேயே அரை அடி குறைந்தார்.

இவ்வாறு குறைவதும் கூடுவதும் உண்டு என்பதை ஊர் மெல்லக் கற்றுக்கொண்டது. பெண்கள் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியையின் உருவில் பள்ளி முழுவதும் உள்ளாட்கள். அத்தனை பேர் கையிலும் பிரம்பு. காலைக் கூட்டத்தில் சாரலில் வழுக்கி, கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து உட்கார்ந்த தலைமையாசிரியை, எழுந்திருக்கும் வழி தெரியாமல், தம் பணிக்காலத்தில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக, விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவுதான்; மைதானம் முழுவதும் நின்ற தலைமையாசிரியைகள் அத்தனை பேரும் ஒருகணம் விளக்கு அணைந்து எரிவதுபோல் மங்கித் தெளிந்தார்கள், பிரம்புகள் பேனாக்களாகச் சுருங்கின. எதிர்பாராத ஒன்றை அசல் ஆள் செய்துவிட்டால் உள்ளாள் மாறியே தீரவேண்டும். மாறாமல் அடம்பிடிக்கும் உள்ளாட்களும் இருந்தார்கள். அது உள்ளாளின் குற்றம் அல்ல.

ஆடி முழுவதும் ஊர் திருவிழாப்போல் கிடந்தது. வங்கி மேலாளர், நரைத்த மீசையும் கழுத்துப்பட்டையுமாக வேலைக்குப் போகையில், தம் தாயாருக்குப் பின்னால் அரைஞாணோடு தவழ்ந்துபோகும் தம்மையே கண்டு தலைகுனிந்தார். வார்டு உறுப்பினர், தெருத்தெருவாகத் தம் உருவில் நின்ற உள்ளாட்களைத் தேடிப்போய்ப் பார்த்து, எல்லாம் விரல் அளவில் இருப்பதைக் கண்டு, அடைபட்ட சாக்கடையைத் தாமே கம்பியெடுத்துக் குத்தினார். இரண்டு தெருக்களில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தார். விதவையான ஒரு டீச்சர் வீட்டில் காலமாகிப்போன கணவர் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், அந்த அம்மாள் அழவில்லை, “காலைத் தூக்குங்க, தரை துடைக்கணும்,” என்றார், அவர் தூக்கினார். ஒருவர் உள்ளாளை அவரிடம் கேட்காமல் உற்றுப் பார்ப்பது மரியாதைக்கேடு என்றும், தன் உருவில் நிற்கும் உள்ளாளைப் பிறர் வீட்டில் பார்த்துவிட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்றும், தம்பதிகள் சண்டையிடும்போது உள்ளாட்களை முற்றத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் வழக்கங்கள் ஏற்பட்டன. சில வீடுகளில் முற்றத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டு உள்ளாட்களும் உள்ளே இருந்தவர்களைவிட இணக்கமாகப் பேசிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, இந்தக் கதைக்கு உரியவர்களிடம் வருவோம்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னால் இருப்பவள் பிரமு. மார்க்கெட் தெருவில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருப்பவன் அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான். ஐந்தாறு வருடங்களாகப் பேச்சு இல்லை.

காரணம், ஆவுடையப்பன் திருமணம். தாலியின் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்கு உரியது. பிரமு அந்த முடிச்சுக்காகவே மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்து, கையை மருதாணியில் சிவக்க வைத்து, முகூர்த்த நேரத்தில் பந்திக்காரர்களோடு அப்பளக் கணக்கில் ஏதோ வாக்குவாதம் செய்யப் போய்ச் சிக்கிக்கொண்டாள். முகூர்த்தம் தப்புகிறது என்று யாரோ கூவ, பெரியப்பா மகள் ஒருத்தி கையை நீட்டி முடிச்சைப் போட்டுவிட்டாள். ஓடிவந்த பிரமு மணமேடையைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

உள்ளபடியே அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற புகைப்படக்காரர், “கொஞ்சம் சிரிங்க மாப்பிள்ளை,” என்று சொல்லியிருந்தார், சிரிக்கப் பழகாத அவன் வாயை ஒருபக்கமாக இழுத்துவைத்திருந்தான். வெளிச்சம் அணைந்து அவன் தங்கையைப் பார்த்தபோது அவள் திரும்பிவிட்டிருந்தாள். அவனுக்குக் கிடைத்தது மாம்பழ நிறப் பட்டும், மல்லிகைச் சரமும், ஒரு முதுகும்தான். அவளுக்கு ஒரு சிரிப்பு, அவனுக்கு ஒரு முதுகு. ஆளைச் செய்ய மூளைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இருவர் மூளையும் மிகுந்த திறமையோடு ஆளுக்கு ஓர் ஆளைச் செய்து வைத்துக்கொண்டன. அன்றுமுதல் இருவரும் அந்த ஆட்களோடுதான் இரவும் பகலும் வழக்காடிவந்தார்கள். அவன் எந்த நேரம் காய்கறி வாங்கப் போவான் என்று அவளுக்குத் தெரியும், அவள் எந்தத் தெருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து, தவிர்த்து, இவ்வளவு சிறிய ஊரில் ஒருமுறைகூட எதிர்ப்படாமல் வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் அவ்வளவு கவனமாக நினைத்துக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் அந்த ஊரில் இல்லை.

உள்ளாட்கள் இறங்கிவந்த காலையில் பிரமுவின் அடுக்களையில் ஓர் ஆவுடையப்பன் நின்றான். ஏழடி உயரம், ஜரிகை வேட்டி, எல்லா விரலிலும் மோதிரம், வாய் ஒருபக்கமாக இழுத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு எதைச் சொன்னாலும் மாறாது. “வந்துட்டியா? எல்லாம் முடிஞ்சாச்சே!” என்பான், வேறு சொல் அவனிடம் குறைவு. பட்டறையிலோ ஆவுடையப்பனுக்கு எதிரே ஒரு பிரமு நின்றாள். எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் முதுகு. அவன் சுற்றிச் சுற்றி வந்தான். முதுகும் மல்லிகைச் சரமும்தான். முகம் செய்யப்படவே இல்லை.

இந்த இரண்டு உள்ளாட்களும் ஒருநாள் தேரடி முக்கில் எதிர்ப்பட்டார்கள். அசல் பிரமு வாழைத்தார்க் கடைக்குப் பின்னால் ஒதுங்கினாள், அசல் ஆவுடையப்பன் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்தான்; நடுத்தெருவில் ஏழடி அண்ணனும் முகமில்லாத தங்கையும் நின்று பேசினார்கள், ஊர் வட்டமாகக் கூடி ரசித்தது.

“வந்துட்டியா? எல்லாம் முடிஞ்சாச்சே!”

“முடிஞ்சா முடியட்டும். ஒன் வீட்டு நடையை மிதிக்க எனக்குக் கால் கிடையாது.”

“நீ மிதிக்கலேன்னு இங்க யாரு அழுதா?”

“நான் சந்தோசமாத்தான் இருக்கேன். நீ செத்தாலும் எட்டிப் பாக்கமாட்டேன்.”

“முதுகு என்னமாப் பேசுது பாத்தீரா!” என்று ஒருவர் வியந்தார். “அந்த நெட்டையனும் சளைச்சவன் இல்லவே,” என்றார் மற்றவர். அசல் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இருவரும் தோற்று வீடு திரும்பினார்கள்.

இந்த நிலையில்தான் பிரமுவின் மகள் நிறைமதிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்த ஊரில் இதற்கு மாற்று கிடையாது. காது ஒருமுறைதான் குத்தப்படும். முடிச்சு போனது பிரமுவுக்கு. மடியும் போய்விட்டால் ஆவுடையப்பனுக்கு இனி அந்த வீட்டில் நிற்க ஓர் இடமும் மிச்சமிருக்காது. இதை இருவருமே அறிந்திருந்தார்கள்.

பிரமுவின் கணவன் தளவாய் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன், அதிர்ச்சிகளுக்குப் பழகியவன். “ஒருநடை நேர்ல போய்க் கூப்பிட்டா என்ன பிரமு?” என்றான்.

பிரமு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஏழடி ஆளிடம், “காதுகுத்துக்கு வருவியா?” என்றாள்.

“எல்லாம் முடிஞ்சாச்சே!” என்று சிரித்தான் அவன்.

“பாத்தீங்களா? கூப்பிட்டாச்சு. வரமாட்டானாம்.”

“நீ கேட்டது ஒன்கிட்ட பிரமு.”

“இவன் மூஞ்சியைப் பாருங்க. இது என் மூஞ்சியா?”

அதே நேரம் பட்டறையில் ஆவுடையப்பன், கம்பிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைப் பார்த்து, “என்னைக் கூப்பிடுவியாட்டி?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். “ஒன்னை எதுக்கு?” என்றது முதுகு. இரண்டு அழைப்பும் இவ்வாறு முறைப்படி நடந்து, முறைப்படி மறுக்கப்பட்டன.

அப்போது ஊரில் ஒரு புது நாகரிகம் பரவியிருந்தது. வெளிநாட்டில் விடுப்புக் கிடைக்காத ஒரு தகப்பனாருக்குப் பதிலாக, மகனின் உள்ளாளாக இருந்த தகப்பனார் திருமணத்தில் மாலை ஏற்றுக்கொண்டார். அசலைவிடப் பணிவாக நடந்துகொண்டார் என்று சம்பந்தி வீட்டார் மெச்சினார்கள். அதன்பிறகு வளைகாப்புக்கு நாத்தனார் உள்ளாள், புதுவீட்டுக்குப் பங்காளி உள்ளாள் என்று வழக்கம் பெருகிற்று. வண்டி அனுப்ப வேண்டாம், பந்தியில் குறை சொல்லமாட்டார்கள், எதிர்பாராதது எதுவும் நடக்காது. ஊர் இதில் பெரிய நிம்மதி அடைந்திருந்தது. ஆகவே பிரமு தன் அடுக்களையில் நின்ற ஏழடி ஆளையே தாய்மாமனாக மணையில் உட்காரவைக்கப் போவதாகச் சொன்னபோது, தளவாயைத் தவிர ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

“வராத மாமனுக்கு வந்த மாமன் தேவலை,” என்றாள் எதிர்வீட்டுக்காரி. தளவாய் மட்டும் அந்த நெட்டை ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மச்சான் சட்டையில எப்பவும் வார்னிஷ் வாடை அடிக்கும். இவன்மேல ஒரு வாடையும் இல்ல,” என்றான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சேதி டீக்கடை வழியாகப் பட்டறைக்கு வந்தது.

“என்னவே ஆவுடையப்பா, நாளைக்கு ஒம்ம மடியிலதானாமே காதுகுத்து?”

“எனக்கே தெரியாதே.”

“ஒமக்கு எதுக்குத் தெரியணும்? நீரு வரவேண்டாம். நீருதான் அங்க இருக்கீரே!”

ஆவுடையப்பன் அன்று சுற்றிய மோட்டார் பின்னோக்கி ஓடியது என்று பிற்பாடு வாடிக்கையாளர் குறைப்பட்டார்.

காதுகுத்து ஆற்றங்கரைச் சாஸ்தா கோயில் மண்டபத்தில் நடந்தது. மேலே மலையில் மேகம், கீழே சாரல், நடுவில் அசல் மனிதர் ஒரு பங்கும் உள்ளாட்கள் பல பங்குமாகக் கூட்டம். மணை சிறியது, உள்ளாள் பெரியவன். இரண்டு மணைகளைச் சேர்த்துப் போட்டு, ஏழடி ஆவுடையப்பனை உட்காரவைத்து, ரோஜா மாலையை இரண்டாக முடிச்சிட்டு நீட்டி அவன் கழுத்தில் போட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய நிறைமதியை அவன் மடியில் வைத்தார்கள். குழந்தை அவன் மோதிரங்களைத் தட்டிப் பார்த்தது, நிமிர்ந்து சிரிப்பைப் பார்த்தது, ஒரு சாமான்மேல் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எண்ணெயில் நனைத்தார்.

அப்போதுதான் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து ஆவுடையப்பன் படியேறி வந்தான். ஐந்தரை அடி உயரம், பட்டறைச் சட்டை, கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு, பின்னாலேயே முகமில்லாத ஒரு முதுகு. ‘நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம்’ என்றுதான் அவன் கிளம்பியிருந்தான். பார்த்தான்.

“வந்துட்டியா? எல்லாம் முடிஞ்சாச்சே!” என்றது மணையில் இருந்தது.

“இது யாரு?”

“நீருதான்,” என்றார்கள் கூட்டத்தில்.

“நான் இப்படியா சிரிக்கேன்?”

“ஓரளவுக்கு,” என்றார்கள்.

ஆவுடையப்பன் தங்கையைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. மணைக்கு முன்னால் போய் நின்றான். “எந்திரிவே.”

“எல்லாம் முடிஞ்சாச்சே!”

“முடியல. ஆசாரி கையில ஊசி அப்படியே இருக்கு. எந்திரி. அது என் இடம்.”

தளவாய், அதிர்ச்சிக்கு ஒருகணம் முன்பே விழித்துக்கொள்ளும் தன் தொழிற்பழக்கத்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். அடுத்த கணம் ஆவுடையப்பன் ஆவுடையப்பன்மேல் பாய்ந்தான்.

செண்பகப்பேரி பார்த்த மற்போர்கள் பல. ஆனால் ஒருவன் தன் தங்கை மனத்தில் தான் உட்கார்ந்திருக்கும் விதத்தைத் தோளைப் பிடித்து எழுப்ப முயன்றதை அன்றுதான் பார்த்தது. அவன் தள்ளினான், அது அசையவில்லை. ஐந்தாறு வருடங்களாக நாள்தோறும் நம்பிக் கனமேற்றிய உருவம் அது, ஆட்டுக்கல்போல் இருந்தது. அவன் காலைப் பிடித்து இழுத்தான். இடுப்பில் தலையைக் கொடுத்து முட்டினான். மாலை அறுந்து ரோஜா இதழ் சாரலோடு பறந்தது. அவன் கட்டியிருந்த வேட்டி அவிழ்ந்து, பட்டை போட்ட உள்டிராயர் சாஸ்தா சந்நிதியில் வெளிப்பட்டது. அசல்களும் உள்ளாட்களும் மண்டபத் தூண்களில் ஏறிக்கொண்டு கூவினார்கள்.

“காலைப் பிடியும்வே, காலை!”

“யாரு காலை?”

“நெட்டை ஆவுடையப்பன் காலை!”

“ஏ குட்டை ஆவுடையப்பா, விட்டுராதே!”

தலைமையாசிரியை விசில் ஊதினார். மேளக்காரர் கெட்டிமேளம் வாசிப்பதா வேண்டாமா என்று புரியாமல் வாசித்தார். பிரமு மட்டும் அசையாமல் நின்றாள்; அவள் அசையாததால் அதுவும் அசையவில்லை.

இழுபறியில் ஆவுடையப்பன் கையிலிருந்த கைக்குட்டை அவிழ்ந்து, மிளகளவு சிவப்புக் கல் வைத்த ஒருசோடிக் கம்மல் தரையில் உருண்டு ஆசாரியின் காலடியில் போய் நின்றது. ஆசாரி குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, “இது நான் செஞ்சது,” என்றார். “இந்தப் பிள்ளை பொறந்த வாரமே வந்து செய்யச் சொன்னான். பொறக்கப்போறது பையனா பொண்ணான்னு தெரியுமுன்னமே ஒருநாள் வந்து, எதுக்கும் கல்லைப் பாத்துவைங்கன்னான். பைத்தாரப் பய.”

பிரமு கம்மலைப் பார்த்தாள். பிறகு மூச்சிரைத்துக்கொண்டு, வேட்டியில்லாமல், ஏழடி ஆளின் முழங்காலில் முகத்தைப் பதித்துத் தள்ளிக்கொண்டிருந்த அந்த ஐந்தரை அடி மனிதனைப் பார்த்தாள். அவள் செய்து வைத்திருந்த அண்ணன் எவனோடும் எதற்காகவும் கட்டிப் புரளமாட்டான். அவன் சிரிப்பான், அவ்வளவே அவனுக்குத் தெரியும். அப்படியானால் இவன் யார்?

இதை அவள் யோசித்து முடிப்பதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது. “அண்ணே! இடுப்பைச் சேத்துப் பிடி! இடப்பக்கமாத் தள்ளு, அவனுக்கு இடப்பக்கம் ஒண்ணுமே கிடையாது, எனக்குத் தெரியும்!” என்று மண்டபம் அதிரக் கத்தினாள்.

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? செய்தவள் அவள்தானே.

ஆவுடையப்பன் இடப்பக்கம் தள்ளினான். உருவம் காற்று இறங்கிய பலூன்போல் உயரம் குறைந்து, மோதிரங்கள் சலசலவென்று உதிர, படிகளில் உருண்டு ஆற்றங்கரை மணலில் போய் உட்கார்ந்தது. தள்ளிய வேகத்தில் நிமிர்ந்தவன், தனக்குப் பின்னால் கூச்சல் கேட்டுத் திரும்பினான். ஐந்தாறு வருடம் அவன் சுமந்த முதுகு அவனை நோக்கித் திரும்பியிருந்தது. முகம் வந்திருந்தது. அதில் கோபத்தைத் தேடினான்; வாய் நிறையக் கத்திக்கொண்டிருந்த, நெற்றிப்பொட்டு வியர்வையில் வழிந்த ஒரு முகம் இருந்தது. அதற்கு அப்பால், அதே முகத்தோடு, அசல் பிரமு நின்றாள்.

“வேட்டியைக் கட்டு மச்சான் முதல்ல,” என்றான் தளவாய்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஆவுடையப்பன் உட்கார்ந்தான். நிறைமதி அவன் மடிக்கு வந்ததும் சட்டையை முகர்ந்து, தும்மி, வியர்வை வழியும் அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. முன்னர் அவ்வளவு அமைதியாக இருந்த பிள்ளை, ஊசி பட்டதும் மலையில் எதிரொலிக்கும்படி வீறிட்டது. அதைவிடப் பெரிதாக வீறிட்டவன் தாய்மாமன். இரண்டாவது காதுக்கு அவனைத்தான் நாலுபேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேளக்காரர் இப்போது ஐயம் தீர்ந்து கெட்டிமேளம் கொட்டினார். ஊர் சிரித்த சிரிப்பில் உள்ளாட்கள் பலருக்கு மூக்கும் முழியும் மாறிப்போயின. யார் யாருக்கு எப்படி மாறின என்று தேடிப்பார்க்கவே ஊருக்கு ஆவணி முழுவதும் வேலை இருந்தது.

பந்தியில் அண்ணனுக்கு எதிரே நின்று பிரமுவே பரிமாறினாள். சமாதான வார்த்தைகள் எதுவும் பேசப்படவில்லை. அவர்கள் அந்தமாதிரிக் குடும்பமல்ல. “அவியல்?” என்றாள். “வை,” என்றான். “கம்மல் கொஞ்சம் பெருசு,” என்றாள். “பிள்ளை வளருமுல்லா,” என்றான். மணலிலிருந்து எழுந்துவந்த அவளுடைய உள்ளாள் அண்ணன், இப்போது ஐந்தரை அடிக்கு வந்து, கிழிந்த சட்டையோடு, பந்தியின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அருகில், முகம் புதிதாகக் கிடைத்த கூச்சத்தோடு, ஆவுடையப்பனுடைய உள்ளாள் தங்கை.

பிரமு சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஐந்தாறு வருடங்களாகத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்ட கேள்வியை, முதல்முறையாக, பதில் சொல்ல வேண்டியவனிடம் கேட்டாள்.

“அன்னைக்கு எதுக்குண்ணே என்னைப் பாத்துச் சிரிச்ச?”

ஆவுடையப்பனின் வாய் நிறையச் சோறு இருந்தது. அவன் திகைத்து, கண்ணை விரித்து, விழுங்கிவிட்டுச் சொல்கிறேன் என்பதற்கு அடையாளமாக எச்சில் கையின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். பிரமு பழக்கதோஷத்தால் பந்தி ஓரத்தில் இருந்த தன் உள்ளாளைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கும் பதில் வைத்திருந்த அவனும் கழுத்தை நீட்டிக்கொண்டு, அவளைப்போலவே, ஆவுடையப்பன் மென்று முடிப்பதற்காகக் காத்திருந்தான்.